இரண்டு ரவுட்டர்களும் ரதியின் ஸ்கேனும்

"மேடம், ரெண்டுமே 'நான்தான் பெரியவன்'னு நிக்குது. நான் என்ன செய்ய?"

கேட்டவர் மிக்கேல். கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவர். எதிரில் இருந்தவர் ஷமீமா, வாணியம்பாடிக்காரர். மிக்கேலைவிட வயதில் இளையவர். மிக்கேல் தொழில் கற்றுக்கொண்டிருந்தது அவரிடம்தான்.

அங்கே இரண்டு ரவுட்டர்கள். புதியது வேலை செய்யும். அது நின்றுபோனால் பழையது எடுத்துக்கொள்ளும். ஏற்பாடு அதுதான்.

நடந்தது வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டன. இணைப்பு அறுந்து அறுந்து வந்தது.

வெளியே ரதி காத்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத்தில் ஒரு சந்தேகம். நகரத்து இதய மருத்துவர் அங்கிருந்தபடியே ஸ்கேனைப் பார்க்க வேண்டும். காலையில் பாதியிலேயே படம் உறைந்துவிட்டது. மறுபடி முயன்றபோதும் அப்படியே.

"என்ன செஞ்சு பாத்தீங்க அண்ணே?"

"புதுசுக்கு முன்னுரிமை எண்ணைக் கூட்டினேன். பழசு அடங்கலை. இன்னும் கூட்டினேன். இதுக்கு மேல கூட்ட இடமில்லை."

ஷமீமா அவரைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார்.

"புரியலையே மேடம்."

அதையே உரக்கச் சொன்னார்.

"எனக்கு உருது தெரியாதுங்க."

ஷமீமா எழுந்து நின்று, கையை ஆட்டி, அறையே அதிரக் கத்தினார். வராந்தாவில் போன நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

மிக்கேல் அவரைப் பார்த்தார், ரவுட்டர்களைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

புதிய ரவுட்டர் 'நான் இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, புதிய நெறிமுறையில், அதாவது ரவுட்டர்களின் புது மொழியில். பழையதற்குப் பழைய நெறிமுறை மட்டுமே தெரியும். அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. யாருமே இல்லையென்று நினைத்து அது வேலையில் இறங்கியிருந்தது.

"பழசைப் புது முறைக்கு மாத்த முடியுமா?" என்றார் ஷமீமா.

"முடியாது மேடம். ஆனா புதுசுக்குப் பழைய முறை தெரியும்."

மிக்கேல் புதிய ரவுட்டரின் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினார். பழைய ரவுட்டர் பேசாமல் ஒதுங்கிக்கொண்டது.

"அடங்கிட்டுது!" என்றவரின் முகம் உடனே மாறியது. "மேடம், ஒருவேளை ஸ்கேன் நடக்கும்போது புதுசு நின்னுட்டா?"

ஷமீமா எட்டிப் புதியதன் மின்கம்பியைப் பிடுங்கினார்.

"ஐயோ!"

இணைப்பைக் காட்டும் திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓடியது. பழையது எடுத்துக்கொண்டிருந்தது.

ஷமீமா கம்பியை மறுபடி செருகினார்.

"ரதியைக் கூப்பிடுங்க அண்ணே."

ஸ்கேன் அறையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. மிக்கேல் கதவோரம் நின்றார். உள்ளே எட்டிக் கேட்டார்.

"டாக்டர், லைன் இருக்கா?"

"இருக்கு, இருக்கு." ஸ்பீக்கரில் மருத்துவரின் குரல் தெளிவாக வந்தது. "ரதி, குழந்தையோட இதயம் நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்லை."

ரதி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"கொஞ்சம் சிரிக்காம இருங்கம்மா," என்றார் மருத்துவர். "படம் ஆடுது."