ஆட்டக்காரி செதுக்கிய சிலை

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டை நெடுங்கோ என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதே அவருக்கு நியாயமாகப் படும்.

அவர் சபையில் கொடிமுல்லை என்ற ஆட்டக்காரி இருந்தாள். இருபது வருஷம் ஆடியவளுக்குக் கல்லின் மேல் ஆசை வந்தது. கல்தச்சர் பட்டறையில் போய் உட்கார்ந்து மூன்று வருஷம் உளி பிடிக்கக் கற்றாள். விரல் நசுங்கியது, அவள் விடவில்லை.

தலைமைச் சிற்பி விடங்கருக்கு இது பொறுக்கவில்லை. "அரசே, இன்று ஆட்டக்காரி உளி எடுக்கிறாள். நாளை சமையல்காரர் வாள் எடுப்பார். அவரவர் வேலையை அவரவர் பார்க்கச் சொல்லுங்கள்!"

"அதுவும் சரிதான். கொடிமுல்லை, உளியைக் கீழே போடு."

"மாட்டேன், அரசே. முதலில் என் சிலையைப் பாருங்கள்."

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படியா? ஆளுக்கொரு நடனப்பெண்ணைச் செதுக்குங்கள். ஆறு மாதம் தவணை. நீ தோற்றால் உளியும் கிடையாது, சலங்கையும் கிடையாது!"

சலங்கை என்றதும் அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஆனாலும், "சம்மதம்" என்றாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டு சிலைகளும் சபைக்கு வந்தன. விடங்கரின் சிலையில் முத்துமாலை என்ன, பட்டு மடிப்பு என்ன! கொடிமுல்லையின் சிலையிலோ ஒரே ஒரு வளையல். சபை முழுவதும் விடங்கர் பக்கம் சாய்ந்தது.

"இப்போது என்ன சொல்கிறாய்?" என்றார் ராஜா.

"இவ்வளவு நுணுக்கம் எனக்கு வராது, அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். ஐயா தம் சிலை நிற்கிற மாதிரி ஒருமுறை நின்று காட்டட்டும்."

"இதென்ன பிரமாதம்!" விடங்கர் வேட்டியை மடித்துக் கட்டினார். வலக்காலைத் தூக்கினார், இடுப்பை வளைத்தார், தலையைத் திருப்பினார். தொப்பென்று மந்திரியின் மடியில் விழுந்தார்.

ராஜாவுக்குக் கை அரித்தது. "விலகும், நான் நிற்கிறேன்!" அவரும் விழுந்தார். கிரீடம் வாசல்வரை உருண்டது.

"யாராலும் முடியாது, அரசே. உடம்பின் பாரம் ஊன்றிய காலுக்கு வரவில்லை. கல்லாக இருப்பதால் நிற்கிறது. இனி என் சிலை மாதிரி நில்லுங்கள்."

நின்றார். துளியும் ஆடவில்லை. "அடடா! அடுத்த அடி தானாக வருகிறதே! யாரிடம் கற்றாய் இதை?"

"இருபது வருஷம் என் கால் கற்றதை, இப்போது கைக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

ராஜா திரும்பினார். "விடங்கரே, நாளை முதல் இவளிடம் ஆட்டம் பழகும்."

விடங்கர் அவள் சிலையைச் சுற்றி வந்தார். ஊன்றிய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எத்தனை மணிக்கு வரட்டும், அம்மா?" என்றார்.

"உன் சிலையின் பீடத்தில் உன் பெயரை வெட்டச் சொல்கிறேன்" என்றார் ராஜா. "ஆட்டக்காரி என்றா, சிற்பி என்றா?"

கொடிமுல்லை நிமிர்ந்து நின்றாள்.

"பெயர் மட்டும் போதும், அரசே. போன வாரம்தான் யாழ் பழக ஆரம்பித்திருக்கிறேன்."