முட்டுக்கட்டை

மலையடிவாரக் கோயில் ஒன்றில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத் தலைவராக இருந்தார் மருதவாணர் என்ற துறவி. உருளும் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. இரும்புப் பட்டறையை விட்டுவிட்டு அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார் சேந்தன்.

திருவிழாவுக்குக் கட்டை செதுக்கும்போது சேந்தன் கேட்டார்.

“ஐயா, நாம் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறோம். தேர் நிலைக்கு வருவதற்குள் எல்லாம் நசுங்கிவிடுகிறது. மனசு கேட்கவில்லை.”

“அதற்கு?”

“இரும்பில் ஒன்று அடித்துவிடுகிறேன். நம் காலத்துக்கும் தேயாது.”

மருதவாணர் சிரித்துவிட்டு உளியைத் தீட்டப் போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் சேந்தன்.

தேரோட்டத்தன்று தெற்கு வீதிச் சரிவில் தேர் வேகம் பிடித்தது. வடம் இழுத்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். சரிவின் கீழே அன்னதானப் பந்தல். இலை போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது.

சேந்தன் இரும்புக் கட்டையைச் செருகினார். கருங்கல் தரையில் பொறி பறந்தது. கட்டை வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. தேர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“எழுந்திரிங்க! ஓடுங்க!” பந்தலில் கூச்சல்.

“சேந்தா! மரத்தைப் போடு!” என்று கத்தினார் மருதவாணர்.

சேந்தன் ஓடினார். முதல் கட்டையைச் சக்கரம் ஏறி அரைத்து மாவாக்கிவிட்டது. இரண்டாவது நீளவாக்கில் பிளந்தது. ஆனால் தேர் முனகியது. அந்த முனகல் அவர் காதில் விழுந்தது. வேகம் குறைகிறது! மூன்றாவது கட்டையைத் தோளால் முட்டி உள்ளே தள்ளினார்.

மரம் பாதிவரை நசுங்கியது. சக்கரம் அதில் புதைந்து நின்றது.

பந்தல் காலுக்கும் தேருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடமிருந்தது.

பிறகு மேளம் கொட்டியது. எச்சில் கையோடு ஓடிவந்தவர்கள் சேந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். யாரோ மூன்றாவது கட்டைக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார். சேந்தன் அழுதுகொண்டே சிரித்தார்.

அவரைக் கீழே இறக்கிவிட்டு ஊர் பந்திக்குத் திரும்பியதும் சேந்தன் மருதவாணரைத் தேடினார். அவர் தேருக்குப் பின்னால், முதல் கட்டை அரைபட்ட இடத்தில் குனிந்திருந்தார். சேந்தன் போய் அவர் காலில் விழுந்தார்.

“ஐயா, என் இரும்பை நம்பி ஊரையே பலி கொடுக்கப் பார்த்தேனே.”

“எழுந்திரு. ஊர் சாப்பிடுகிறது பார்.”

மருதவாணர் தரையிலிருந்து ஒரு சிட்டிகை மரத்தூளை எடுத்துச் சேந்தனின் நெற்றியில் பூசினார்.

சேந்தன் திகைத்தார். “இது வெறும் தூள், ஐயா. திருநீறு இல்லையே.”

“திருநீறு மட்டும் எரியாமலா வந்தது?”