தோணிக்கு வந்த ‘மேக் ஃபாஸ்ட்’

தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிப்போன தோணி, ஒரு தீவுத் துறைமுகத்தின் கல்மேடையை நெருங்கிய நேரம் காற்று திசை மாறியது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தோணியின் தலைவர், தண்டல் செலஸ்டின், சுக்கானைப் பிடித்தபடி வானத்தையும் கல்மேடையையும் மாறிமாறிப் பார்த்தார்.

வயர்லெஸ்ஸில் துறைமுக அதிகாரியின் குரல் கத்தியது: “மேக் ஃபாஸ்ட்! மேக் ஃபாஸ்ட்!”

தோணியில் இருந்த நால்வருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான்.

“வேகமா போகச் சொல்லுதான். புயலுக்கு முன்னால வெளிக்கடலுக்கு ஓடிரணும்,” என்றார் இன்ஜின் டிரைவர் தொம்மை.

சமையல்காரர் சாகுல் அன்று நோன்பு வைத்திருந்தார். “ரமலான் மாசம்லா அண்ணாச்சி? ஃபாஸ்ட்னா நோன்பு. நோன்பு தொறந்த பெறகு வரச் சொல்லுதாக. நங்கூரம் போட்டுக் காத்திருப்போம்.”

“ரெண்டும் இல்ல தண்டலே,” என்றார் கயிறு பார்க்கும் இன்னாசி. “அசையாம இறுக்கமா இருக்கதையும் ஃபாஸ்ட்னுதான் சொல்லுவாக. தோணியைக் கட்டச் சொல்லுதாக.”

மூன்று அர்த்தமும் அந்தச் சொல்லுக்கு உண்டு. ஆனால் ஒன்றைத்தான் செய்ய முடியும். தப்பாகச் செய்தால் தோணி கல்லில் மோதிச் சிதறும்.

தண்டல் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் தொம்மை கீழே இறங்கி இன்ஜினை முழு வேகத்தில் முடுக்கினார். அதே நொடியில் இன்னாசி கயிற்றோடு மேடைக்குத் தாவி, அங்கே தோணி கட்டும் இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டார். தோணி முன்னே பாய்ந்தது. கயிறு அவர் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை.

சாகுல் அலறினார். தண்டல் வயர்லெஸ் மைக்கை எடுத்து, தமக்குத் தெரிந்த இரண்டே சொல்லில் கேட்டார்: “ரோப்? இன்ஜின்?”

“ரோப்! ரோப்!” என்று பதில் வந்தது.

“ஏலே தொம்ம, நிறுத்துல!”

இன்ஜின் நின்றது.

அவசரமாக ஓட்டியவர், தாவிக் கட்டியவர், கேட்டுத் தெரிந்துகொண்டவர். இதில் யார் செய்தது சரி? நீங்களே சொல்லுங்கள்.

விடை: கடலில் ‘மேக் ஃபாஸ்ட்’ என்றால் கட்டு என்றே பொருள். அர்த்தம் சொன்னதில் இன்னாசி சரி. ஆனால் அவரும் தொம்மையைப் போல, செய்யப்போவதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் தன் அர்த்தத்தை நம்பித் தனியே குதித்தவர்தான். சரியாகச் செய்தவர் தண்டல். பல அர்த்தமுள்ள சொல் வந்தபோது, குழப்பமில்லாத சொல்லால் திருப்பிக் கேட்டார். கொஞ்சம் முந்திக் கேட்டிருக்கலாம். மேடையில் கட்டிய தோணி புயலைத் தாங்கி நின்றது. அன்று சாயங்காலம், இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்த இன்னாசிக்குத் தொம்மைதான் சோறு பிசைந்து ஊட்டினார்.