எண்பத்தெட்டுல நின்ன முள்ளு

எடை மெஷின் முள்ளு எண்பத்தெட்டு கிலோவுலயே நின்னுச்சு. தவசி மூச்ச வெளிய விட்டுப் பாத்தான். சட்டையக் கழட்டிட்டு ஏறிப் பாத்தான். ஆட்டோ சாவியக் கீழ வச்சுட்டும் பாத்தான். முள்ளு அசையல. பஸ்ஸுல சன்னலோர சீட்டு கெடச்சவன் மாதிரி, எடத்த விட்டு எந்திரிக்கிற எண்ணமே அதுக்கு இல்ல.

"எறங்குங்கண்ணே"ன்னாங்க பேச்சி மாஸ்டர்.

பேச்சி மாஸ்டருக்கு முப்பது வயசு கூட ஆகல. மதுரைக்கு வெளிய, தண்ணி வத்துன ஒரு கண்மாய்க்குள்ள கோடு போட்டு, பொம்பளப் புள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்குறாங்க. தவசிக்கு நாப்பதத் தாண்டிருச்சு. ஷேர் ஆட்டோ ஓட்டுறான். இங்க குருவ விட சிஷ்யனுக்குத்தான் நரை ஜாஸ்தி. பேருலதான் பேச்சி, ஆனா பேசுறதுல மாஸ்டர் மகா கஞ்சம்.

அவன் இங்க அழகுக்காக வரல. அவனோட அண்ணன் அழகுமலைக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தம்பி கிட்னி பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்துருச்சு. ஆனா இந்த ஒடம்போட கத்தி வைக்க முடியாது, எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்னுட்டாரு டாக்டர். போட்டிக்கு முன்னாடி புள்ளைகளோட எடையக் கொறைக்கிறதுல பேச்சி மாஸ்டர் கெட்டின்னு ஆட்டோவுல ஏறுன ஒருத்தர் சொல்லித்தான் கண்மாய்க்கு வந்தான்.

நூறுல இருந்து மளமளன்னு எறங்குனான். எண்பத்தெட்டு வந்ததும் முள்ளு உக்காந்துருச்சு. அங்க அண்ணனுக்கு மொகம் வீங்கிக்கிட்டே போகுது.

"ஏன் மாஸ்டர் எறங்க மாட்டேங்குது?"

மாஸ்டர், என்ன திங்கிறான், எப்பத் தூங்குறான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு. புள்ளைகளுக்கும் இப்படி எடை நிக்கிறது உண்டாம். அப்ப நாலு நாள் ஓட்டத்த நிறுத்தி, நல்லாத் தூங்க வச்சு, வேற பயிற்சி குடுப்பாங்களாம். தவசிக்கும் அதே வைத்தியம் நடந்துச்சு.

முள்ளு அசைஞ்சுச்சு. எண்பத்தாறு.

புள்ளைகள்லாம் கை தட்டுச்சுக. "மாமா இனிமே ஆட்டோ ஒரு பக்கமா சாயாது"ன்னு ஒருத்தி சொன்னா. தவசியும் சிரிச்சான். மாஸ்டர் மட்டும் அவன் நெத்தியப் பாத்தாங்க.

அடுத்த வாரம் மறுபடி எண்பத்தெட்டு.

அன்னைக்கு அவனாவே ஒத்துக்கிட்டான். எண்பத்தாறு வந்த அன்னைக்குச் சாயங்காலம் புரோட்டாக் கடை முன்னாடி ஆட்டோ நின்னுருச்சாம். நிறுத்துனது யாருன்னு அவனுக்கே தெரியலயாம். பசியே இல்லையாம். சால்னாவ ஊத்தி ஊத்தித் தின்னானாம். மறுநாளும் அதே கடை.

"நான் ஒரு துரோகி மாஸ்டர். அண்ணன் அங்க சாகக் கெடக்கான், எனக்கு இங்க நாக்கு கேக்குது."

"நாக்கு கேக்கல"ன்னாங்க மாஸ்டர். "எடை எறங்குனா எங்க புள்ளைக குதிக்கும். ஒங்களுக்கு வேர்த்துச்சு."

தவசிக்கு ஒண்ணும் வெளங்கல.

"ஞாயித்துக்கெழம எங்க சாமிக்குக் கெடா வெட்டு. வந்துருங்க."

இது பரீட்சைன்னு தவசி முடிவு பண்ணிட்டான். கறிக்கொழம்ப முன்னாடி வச்சுட்டு இவன் நாக்கச் சோதிக்கப் போறாங்க. வீட்டுலயே ரெண்டு வெள்ளரிக்காயத் தின்னு, போருக்குப் போறவன் மாதிரி மனசக் கட்டிக்கிட்டுக் கெளம்புனான்.

கோயில்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு புளியமரம், அதுக்குக் கீழ அருவா ஊனுன பீடம். கெடா கழுத்துல மால. அது சாமிக்குன்னு நேந்து விட்ட கெடா. ஊருக்குள்ள எந்த வீட்டுக் கஞ்சியிலயும் வாய வைக்கலாம், எந்தக் கடை வாழைப்பழத்தையும் இழுக்கலாம். யாரும் வெரட்ட மாட்டாங்க, கூப்புட்டுத் தடவிக் குடுப்பாங்கன்னு மாஸ்டரோட அண்ணன் பெருமையாச் சொன்னாரு. அதக் கேட்டதும் தவசி கெடா கழுத்து மாலையத் திரும்பிப் பாத்தான்.

பூசாரி மஞ்சத்தண்ணிய எடுத்துக் கெடா தலையில ஊத்துனாரு. கொட்டு நின்னுச்சு. எல்லாரும் கெடாவையே பாத்தாங்க.

கெடா சும்மா நின்னுச்சு.

இன்னொரு செம்பு ஊத்துனாரு. காது ஓரமா தண்ணி சொட்டுச்சு. கெடா அவரையே பாத்துச்சு.

"இப்ப எதுக்கு நிக்கிறாங்க மாஸ்டர்?" தவசி காதோரமாக் கேட்டான்.

"அது ஒடம்பச் சிலுப்பணும்."

"எதுக்கு?"

"சிலுப்புனாத்தான் சம்மதம்."

"கெடாகிட்டயா சம்மதம் கேக்குறீங்க?"

"வெட்டப் போறது அதத்தான?"

கூட்டத்துல ஒருத்தன் கெடா காதுக்குள்ள ஊதப் போனான். பூசாரி அவன் கையத் தட்டி விட்டாரு. சாமி பேரச் சொல்லிக் கெஞ்சுனாங்க. ஏதும் கொற வச்சிருந்தா மன்னிச்சுக்கன்னு ஒரு அம்மா அழுதுச்சு. நெழல் நகந்து வெயில் காலுக்கு வந்துருச்சு. கெடா ஒரு பூவ மட்டும் மாலையில இருந்து இழுத்து மென்னுச்சு.

"சிலுப்பலன்னா?"ன்னான் தவசி.

"விட்டுருவாங்க."

"அம்புட்டுத்தானா? யாரும் கோவிக்க மாட்டாங்களா?"

மாஸ்டர் அவன் பக்கம் திரும்புனாங்க.

"அண்ணே, ஒங்கள யாரு கேட்டா?"

தவசி எப்பவும் எதுக்கும் ஒரு நக்கல் ரெடியா வச்சிருக்குறவன். அன்னைக்கு உள்ளத மெல்லச் சொன்னான்.

பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்த அன்னைக்கு, ஆஸ்பத்திரி வாசல்லயே மதினி அவன் கால்ல விழுந்துருச்சு. அக்கா போன் போட்டு, எங்களப் பெத்தவ வயித்துல பொறந்த சாமிடா நீன்னுச்சு. சாயங்காலத்துக்குள்ள சொந்தபந்தம் பூராவும் தெரிஞ்சுருச்சு. போற எடமெல்லாம் அவனுக்குத் தனிச் சேர், தனி மரியாதை. அவன் பொண்டாட்டி மட்டும் தூங்குற ரெண்டு மகள்களையும் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தா. "ரெண்டுல ஒண்ணு ஸ்டெப்னிதான"ன்னு இவன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட முடிஞ்சுருச்சு. தர்றியான்னு ஒருத்தரும் கேக்கல. தர்றேன்னு இவனும் சொல்லல.

"பயமா இருக்கு மாஸ்டர். கண்ண மூடிப் படுத்தா மேல அந்த லைட்டு தெரியுது. மொகமூடி போட்டவுக குனிஞ்சு பாக்குறாங்க. அண்ணன்தான் என்னைய வளத்தான். அவனுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ஆமான்னு சொல்லவும் வரல."

"அதான் எண்பத்தெட்டுல நின்னுட்டீங்க."

அந்நேரம் பூசாரி கயித்த அவுத்தாரு. கெடா வேணாம்னுச்சுன்னு யாரும் சொல்லல, சாமி வேணாம்னுருச்சுன்னாங்க. அது கூட்டத்துக்கு நடுவுல மெதுவா நடந்து போச்சு. அன்னைக்குப் பந்தியில சாம்பார்தான்.

தவசி சாப்பிடல. மாஸ்டர் எலையில இருந்து எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னான்.

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"போய்ச் சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"யாரு கேக்கலையோ அவருகிட்ட."

அன்னைக்குச் சாயங்காலம் தவசி போனப்ப, அண்ணன் அழகுமலை டயாலிசிஸ் முடிஞ்சு வந்து கட்டில்ல படுத்துருந்தாரு. ஊசி குத்துன கை தலகாணி மேல இருந்துச்சு. தவசி மதினியக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொன்னான். கதவச் சாத்துனான். எனக்குப் பயமா இருக்குண்ணேன்னு சொல்லிட்டு, கதவுகிட்டயே நின்னான். திட்டு விழும், இல்ல அண்ணன் அழுதுருவாருன்னு நெனச்சான்.

அழகுமலை மேல ஓடுற ஃபேனப் பாத்தாரு.

"ஒன்னைய நான் கேக்கவே இல்லையேடா"ன்னாரு. "கேட்டா இல்லைன்னுருவியோன்னு பயம். அதான் கேக்கல."

தவசி கட்டில் ஓரத்துல உக்காந்தான். அப்புறம் அழகுமலை, தண்ணி வேணும்னு கேக்குற மாதிரி சின்னக் கொரல்ல கேட்டாரு.

"தருவியாடா தம்பி? மாட்டேன்னாலும் நீ என் தம்பிதான்டா."

மறுநாள் காலைல வெள்ளனவே தவசி கண்மாயில நின்னான். புள்ளைக இன்னும் வரல. மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அண்ணன் கேட்டதச் சொன்னான். மாஸ்டர் கோடு போடுறத நிறுத்தல.

"என்ன சொன்னீங்க?"

"ராத்திரி வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்டப் பேசுனேன் மாஸ்டர். அழுதா. அப்புறம், ஒன் இஷ்டந்தான்னா. காலைல எந்திரிச்சு அண்ணனுக்குப் போன் போட்டேன். தர்றேன்னு சொல்லிட்டேன். என் வாயாலயே."

மாஸ்டர் தலைய ஆட்டுனாங்க. தவசி போகாம நின்னான். எடை மெஷின் பக்கம் போகல, அதத் திரும்பிக் கூடப் பாக்கல.

"ஆனா மாஸ்டர், பயம் இன்னும் போகல."

மாஸ்டர் கையில ஒட்டுன சுண்ணாம்பத் தட்டி விட்டாங்க. விசிலக் கழுத்துல மாட்டுனாங்க.

"அதுவும் கூட ஓடி வரட்டும்ணே. மூச்சு வாங்குனா அதுவா நின்னுக்கும்."