கத்தியடியில் பிறந்த மெர்சி

அந்தக் காலத்தில், ஆடு மாடு கோழியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு தேசத்தில் கறி வெட்டுகிறவர்கள் முதலில் காதில் கம்பளி அடைத்துக்கொள்வார்கள். கட்டையில் கழுத்து வைத்த எந்தப் பிராணியும் "மெர்சி" என்று கெஞ்சும். இரக்கம் காட்டு என்று பொருள். வேறு பொருள் அன்றைக்குக் கிடையாது. காதில் விழுந்துவிட்டால் அப்புறம் கை ஓடாது.

ஒரு பனிக்காலத்தில் பெரீன் என்பவளின் புருஷன், கொலா என்பவன், காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தான். வாத்துச் சாறு கொடுத்தால் பிழைப்பான் என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே வாத்து. காதுக்கு வைக்கத்தான் கம்பளி இல்லை. இருந்த துணுக்கையெல்லாம் அவன் மேல் போர்த்தியாயிற்று. பெரீன் வெறுங்காதோடு கத்தியைத் தூக்கினாள்.

"மெர்சி, அம்மா."

"வாயை மூடுடி. முட்டை போட்டு ஆறு மாசமாச்சு. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை."

"முட்டைக்காகவா கத்தி?"

"அவருக்காக. உன்னை விட்டா அவர் பிழைக்க மாட்டார்."

வாத்து, கொலா கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தானே கழுத்தைக் கட்டையில் வைத்து, இன்னொரு தடவை, மெதுவாக, "மெர்சி" என்றது.

பெரீன் கத்தியைக் கூரையில் செருகினாள். "போ. உன்னையும் விட்டேன், அவரையும் விட்டேன்" என்று உட்கார்ந்து அழுதாள்.

வாத்து அவள் காலடியில் வந்து கழுத்தை வளைத்தது. "மெர்சி."

"விட்டாச்சே, இன்னும் ஏன் கெஞ்சறே?"

"கெஞ்சலை அம்மா. மனசு நிறைஞ்சு கிடக்கு. என்கிட்ட வேற சொல் இல்லை."

சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறியது. தன் மார்புத் தூவியை அலகால் பிடுங்கிப் பிடுங்கிக் கொலாவின் நெஞ்சில் பரப்பியது. மூன்று நாள் அதே வேலை. மார்புத் தோலில் ரத்தம் கசிந்தது. நாலாம் நாள் கொலாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கண் திறந்தவன், எதிரே வெறும் மார்போடு குளிரில் ஒடுங்கியிருந்த வாத்தைப் பார்த்தான். பெரீன் நடந்ததைச் சொன்னாள்.

எழுந்து உட்கார அவனுக்குத் தெம்பில்லை. தலையை மட்டும் தூக்கி, வாத்துக்கு முன்னால் கழுத்தை வளைத்து, "மெர்சி" என்றான். மனுஷன் ஒரு பிராணியிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்று முதல்தான் அந்தத் தேசத்தார், உயிர்ப்பிச்சை கேட்ட அதே சொல்லால் நன்றியும் சொல்கிறார்கள். சொல்லும்போது கவனித்துப் பாருங்கள், கழுத்து லேசாக வளையும். கட்டையில் வைத்த கழுத்து அது.