உப்புக்கு வரன் பார்த்தவள்

"இந்தச் சோடியத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சா டீச்சர்? வெளிவட்டத்துல இருக்கிற ஒத்தை எலக்ட்ரானையும் தூக்கிக் கொடுத்துட்டு, போக்கிடம் இல்லாத மாதிரி அங்கேயே நிக்குதே!"

கேட்டவள் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம் கல்யாணத் தரகு பார்ப்பவள். ஐம்பதை நெருங்கும்போது பத்தாவது எழுத வந்திருந்தாள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை காத்திருந்தது. பத்தாவது பாஸானால் போதும். இந்தப் பாழாய்ப்போன அறிவியல்தான் ஒவ்வொரு தடவையும் காலை வாரியது. மறுநாள் செய்முறைத் தேர்வு, வாய்மொழிக் கேள்வியும் உண்டு.

மெஹர் டீச்சருக்கு அவள் மகள் வயசு. பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

"கொடுத்ததும் என்ன ஆச்சு?"

"சோடியம் பிளஸ் ஆச்சு. வாங்கின குளோரின் மைனஸ் ஆச்சு. எதிரும் எதிரும் இழுத்துக்கிடும். உலோகம் கொடுக்கும், அலோகம் வாங்கும், ஜோடி சேர்ந்தாச்சு, தாலி கட்டியாச்சு!"

"ஜோடியா?"

"பின்னே? ஒரு பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை. நான் பார்க்காத ஜோடியா டீச்சர்?"

டீச்சர் ஒரு கல் உப்பை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுல ஒரு ஜோடியைப் பிரிச்சு எடுங்க."

செண்பகவல்லி பக்கத்தில் கிடந்த சுத்தியலால் ஒரு போடு போட்டாள். உப்பு உடைந்தது. துண்டும் உப்பு. அதையும் உடைத்தாள். பொடியும் உப்பு.

"எந்தக் குளோரின் எந்தச் சோடியத்துக்குன்னு எப்படித் தெரியும்?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கும் நான் ஃபெயிலுதான்."

டீச்சர், அவளைப்போலவே பத்தாவது எழுத வந்து வகுப்பிலிருந்த பெண்களையெல்லாம் எழுப்பினாள். பாதிப் பேரை முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். முக்காடு போட்டவர்கள் கொடுத்தவர்கள், போடாதவர்கள் வாங்கியவர்கள்.

ஒருத்தி விட்டு ஒருத்தியாக, வரிசை வரிசையாக நிறுத்தினாள். முக்காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காடு வராமல் பார்த்துக்கொண்டாள். செண்பகவல்லிக்கும் முக்காடு போட்டு நட்டநடுவில் தள்ளினாள்.

"இப்போ எதிராளியைப் பிடிச்சு இழுங்க."

முன்னாலிருந்து ஒருத்தி இழுத்தாள். பின்னாலிருந்து ஒருத்தி. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"ஏ ஆத்தி! விடுங்கடி, சேலை கிழியப்போகுது!"

"மேலயும் கீழயும் இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க," என்றாள் டீச்சர். "கிளம்புங்க பார்ப்போம்."

"எங்கிட்டுப் போக? அசையக்கூட முடியலை!"

"சரி. இதுல உங்க மாப்பிள்ளை யாரு?"

செண்பகவல்லி நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு வகுப்பே அதிர்கிற மாதிரி சிரிக்கத் தொடங்கினாள்.

டீச்சர் கரும்பலகையை அழித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். ஆளை மடக்குவதில் அவர் பலே கில்லாடி.

"சாப்பாட்டு உப்புல ஒரு சோடியம், ஒரு குளோரின், ஜோடி ஜோடியா இருக்கும். சரிதானேம்மா?"

செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஜோடின்னு எவன் சார் சொன்னான்? கொடுத்தது யாரோ ஒருத்தனுக்கு. பிடிச்சு வச்சிருக்கிறது சுத்தி நிக்கிற அத்தனை பேரும்!"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். முழு மார்க்கையும் போட்டார்.

"பிரமாதம்மா! இதை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலை சார்," என்றாள் செண்பகவல்லி. "நடுவுல நின்னேன்."