காசியிலிருந்து வந்த ஒன்பது ஓட்டு

அந்த மடத்தின் நிர்வாகியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீடர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை மாசிலாமணிக்கு முப்பத்தொன்று, அம்பலவாணருக்கு இருபத்தேழு. பதினோரு வருடமாக அந்தப் பதவிக்குக் காத்திருந்த மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

காசிக்குப் போயிருந்த ஒன்பது பேரின் ஓட்டு மட்டும் தபாலில் வந்து பிரிக்காமல் கிடந்தது. உறையின்மேல் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஒன்பது பேரும் முதல் சாட்சியாகச் சத்திரத்து மேனேஜரைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில், ‘காசி விசுவநாதரே சாட்சி’ என்று பக்தியோடு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

தேர்தலை நடத்தியவர்கள் அவற்றைச் செல்லாது என்று தள்ளினார்கள். அம்பலவாணர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மாசிலாமணி குருவிடம் ஓடினார்.

“சாமி, விதின்னா விதிதானே? விசுவநாதர் கையெழுத்து எங்கே?”

குரு சிரித்துவிட்டார். “அவர் போட மாட்டாரப்பா. அது நம்ம ஆளுங்க அனுப்பின ஓட்டுதானா? அதுல உனக்குச் சந்தேகம் உண்டா?”

“இல்லை சாமி. உறைமேல இருக்கிற எழுத்தெல்லாம் எனக்குத் தெரிஞ்ச எழுத்துதான்.”

“சரி. நீதானே நிர்வாகி, பந்திக்கு நேரமாச்சு. அந்த ஒன்பது பேருக்கும் இனிமே இலை போடாதே.”

வெளியூர் போனவருக்கும் இலை போட்டுப் பரிமாறுவது அந்த மடத்து வழக்கம். பிறகு அந்தச் சோறு வாசலில் பசியோடு நிற்பவர்களுக்குப் போகும்.

மாசிலாமணி பதறிப்போனார். “அதெப்படி சாமி? ஊர்ல இல்லேன்னாலும் அவங்க மடத்து ஆளுங்க இல்லையா?”

“அதுக்கு ரெண்டு சாட்சி இருக்கா?”

மாசிலாமணி நேரே தேர்தலை நடத்தியவர்களிடம் போனார். அம்பலவாணரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஆட்சேபணை இல்லை, பிரிங்க” என்றார்.

அவருக்கு இரண்டு, அம்பலவாணருக்கு ஏழு. ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது இலையையும் தன் கையாலேயே போட்டுத் தண்ணீர் தெளித்தபோது மனசு லேசாகிவிட்டது. நல்ல பசியும் எடுத்தது.

“அடுத்த தேர்தலப்போ நானே காசியில இருந்தாலும் இருப்பேன் சாமி” என்றார்.

“தாராளமா இரு” என்றார் குரு. “உன் இலை இங்கே இருக்கும்.”